பின்கழுத்து முடியில் ஐந்து மாதம்

முதலில் முகம் வீங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கண்ணுக்குக் கீழே இருந்த பள்ளம் நிரம்பிவிட்டது. கன்னம் உப்பியது. தோல் மினுங்கியது. கண்ணாடியில் பார்த்தால் முப்பது வயதுக்காரி போல இருந்தேன். கிரீம் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் காலும் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. காலுக்கு நான் கிரீம் பூசவில்லையே என்று அப்போதுதான் பயம் வந்தது.

என் பெயர் முத்துலட்சுமி. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து பதினெட்டு வருஷம். சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை. வீட்டுக்காரர் மார்க்கெட்டில் காய்கறி விற்கிறார். ஒரே மகள் பிரியா, ஆறாவது படிக்கிறாள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. டாக்டரம்மா எழுதச் சொன்னார். “கிரீம் பூசறவங்க எங்கிட்ட பொய்தான் சொல்வாங்க. நீங்களும் சொன்னீங்க. உங்ககிட்ட பொய் சொல்லமாட்டாங்க” என்றார். அதனால் எழுதுகிறேன்.

சௌம்யாவைச் சொல்லாமல் நோயைச் சொல்ல முடியாது.

சௌம்யா என் ஓர்ப்படியாள். கொழுந்தன் கண்ணனின் பெண்டாட்டி. கண்ணன் ஆட்டோ ஓட்டுகிறான். பெண் எடுத்தது கொல்லங்கோட்டில். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவள். பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். வந்த மாதமே பழம்பொருள் கடை ஒன்றில் கவுண்டர் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரர்களிடம் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசுவாள். நல்ல சிவப்பு. முடி இடுப்புக்குக் கீழே.

எங்களுக்கு இரண்டு அறை, ஒரு அடுப்பு. எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்தோம்.

பக்கத்து வீட்டு உம்மா என்னைப் பதினெட்டு வருஷமாகத் தமிழ்க்காரி என்ற இளக்காரத்தில் பாண்டிக்காரி என்றுதான் சொல்வாள். சௌம்யாவை மூன்றாம் நாளே ‘மோளே’, மகளே, என்று கூப்பிட்டாள். நான் வைத்த ரசத்தை வீட்டுக்காரர் நல்லது கெட்டது சொன்னதில்லை. சௌம்யா வைத்த அன்று, “இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார். பிரியா என்னிடம் தலை பின்ன வருவதை நிறுத்திவிட்டாள். “சித்தி பின்னினா இறுக்காதும்மா” என்றாள்.

எதையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லுகிற பழக்கமில்லை. ஒரு சவுரி வாங்கி என் பின்னலில் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். முடி நீளமாயிற்று.

அடுத்தது நிறம். சௌம்யாவின் அலமாரியில் ஒரு சின்ன வெள்ளை டப்பா இருந்தது. மூடியில் ஏதோ வெளிநாட்டு எழுத்து. தினம் காலையில் ஒரு விரல் எடுத்து முகத்தில் தேய்ப்பாள். இதுதான் சங்கதி என்று முடிவு கட்டினேன். எங்கே வாங்கினாய் என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கு வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கடைத்தெருவில் ஃபேன்சி கடைக்காரனிடம் டப்பாவின் அடையாளம் சொன்னேன். மேசைக்கு அடியிலிருந்து அது மாதிரி ஒன்றை எடுத்தான்.

“வெளிநாட்டுச் சரக்கு சேச்சி. ஒரு மாசம் போட்டா சொந்தக்காரங்களே கேப்பாங்க, யாருன்னு.”

பில் இல்லை. செய்த கம்பெனி பெயர் இல்லை. என்ன சேர்த்திருக்கிறது என்றும் எழுதவில்லை. நான் பார்க்கவுமில்லை.

நிறம் மாறியது உண்மை. அதையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் மாறியது. கிடங்கில் கேட்டார்கள். வீட்டுக்காரர் கேட்கவில்லை. இரண்டாவது டப்பா வாங்கினேன். மொத்தம் ஐந்து மாதம் பூசினேன்.

கால் வீங்கியதும் மட்டாஞ்சேரியிலேயே ஒரு டாக்டரிடம் காட்டினோம். சிறுநீரைச் சோதித்துவிட்டு எர்ணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சேர்த்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு நாள் இருந்தேன்.

டாக்டரம்மா நாகர்கோவில்காரர். தமிழில் பேசினார். சிறுநீரகம் ஒரு சல்லடை, அதில் கண்ணி பெரிதாகிவிட்டது, உடம்புக்கு வேண்டிய புரதம் ஒழுகிப் போகிறது, அது போனால் தண்ணீர் ரத்தத்தில் நிற்காமல் சதையில் இறங்கும், அதுதான் வீக்கம் என்றார். புரிந்தது. சுக்குச் சலிக்கிறவளுக்குச் சல்லடை புரியாதா.

சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். குப்புறப் படுக்க வைத்து முதுகில் மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். பிறகு பெரிய ஊசி. பேப்பரில் பின் அடிக்கிற மாதிரி ‘டக்’ என்று ஒரு சத்தம். வலி அவ்வளவு இல்லை, சத்தம்தான் பயம். அதன் பிறகு ஆறு மணி நேரம் மல்லாந்து அசையாமல் கிடக்க வேண்டும். வீட்டுக்காரர் கடைக்குப் போக வேண்டியிருந்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு சௌம்யா வந்து உட்கார்ந்தாள். மூக்கு அரித்தால் சொறிந்துவிட்டாள்.

“வேற எங்கயாச்சும் அரிக்குதாக்கா? வெக்கப்படாம சொல்லுங்கோ.”

சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு அசையும். அடக்கிக்கொண்டேன். இவள் இதிலும் நன்றாக இருக்கிறாளே என்று நினைத்தேன்.

தினம் காலையில் காயலைத் தாண்டிப் படகில் வந்து கஞ்சியும் பயறும் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். உப்பில்லாத கஞ்சி. டாக்டர் சொன்னபடி. வார்டில் எல்லாரும், “தங்கச்சியா? பாக்கியம்” என்பார்கள்.

டாக்டரம்மா ஒருநாள் கேட்டார். “நாட்டு மருந்து, பஸ்பம், லேகியம் ஏதாவது சாப்பிட்டீங்களா? முகத்துக்கு கிரீம் போடறதுண்டா?”

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். சௌம்யா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இல்லை” என்றேன்.

நான் கிரீம் பூசுகிறவள் என்று எல்லாரும் தெரிந்துகொள்ளலாம். அவளைப் பார்த்துப் பூசினேன் என்று அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. அவ்வளவுதான் அந்தப் பொய்.

டப்பா என் பையில்தான் இருந்தது, துவாலைக்குள். காலையில் கழிப்பறையில் முகம் கழுவிவிட்டுப் பூசிக்கொண்டு வருவேன். அவள் எட்டு மணிக்கு வருவாள். கறுத்துப் போய்க் கிடக்க எனக்கு மனமில்லை.

ரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம் இருக்கிறது என்று சோதனையில் வந்தது. பழைய காய்ச்சல் மானியில் வெள்ளியாக ஏறுமே, அது. பெரிய மீன் தின்கிறவர்கள் உடம்பில் கொஞ்சம் இருக்கும். எனக்கு மீனால் வருகிற அளவு இல்லை, பல மடங்கு. எங்கிருந்து வருகிறது, எப்போதிலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு முடி வேண்டும் என்றார்.

எனக்குப் புதுசாக இருந்தது. டாக்டரம்மா சொன்னது இது: ரத்தமும் சிறுநீரும் இன்றைய கதையைத்தான் சொல்லும். முடி வேரில் முளைக்கும்போது அன்று உடம்பில் ஓடுகிறது அதற்குள் போய் உட்காரும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். வேருக்குப் பக்கத்தில் இருப்பது போன மாதம். அதற்கு அடுத்த சென்டிமீட்டர் அதற்கு முந்தின மாதம். சோதனைச் சாலையில் முடியை நன்றாகக் கழுவி, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அமிலத்தில் கரைத்து மிஷினில் விடுவார்கள். பாதரசமா, ஈயமா, ஆர்சனிக்கா, எது எவ்வளவு என்று அது சொல்லும்.

ஒரே அடுப்புச் சாப்பாடு என்பதால் வீட்டுக்காரர் முடியும் சௌம்யா முடியும் கேட்டார்கள். எல்லாருக்கும் இருந்தால் தண்ணீரிலோ சாப்பாட்டிலோ இருக்கிறது. எனக்கு மட்டும் இருந்தால் எனக்கு மட்டும் ஏதோ வருகிறது.

முடி எடுக்க நர்ஸ் வந்தாள். சின்னப் பெண்.

“சேச்சி, ஒண்ணு திரும்பிக்கோ. பின்கழுத்திலே கொஞ்சம் போதும்.”

நான் சவுரியைக் கழற்ற மறந்திருந்தேன். நர்ஸ் பின்னலைப் பிடித்துத் தூக்கினாள். பாதிப் பின்னல் அவள் கையோடு வந்துவிட்டது.

“அய்யோ!” என்று கத்திவிட்டாள். எதிர்க் கட்டிலில் ஒரு அம்மா எழுந்து உட்கார்ந்து பார்த்தாள்.

சௌம்யா எழுந்து வந்தாள். சவுரியை வாங்கி, சிக்கெடுத்து, சுருட்டி, துண்டில் பொதிந்து தலையணைக்கடியில் வைத்தாள். ஒரு வார்த்தையாவது கிண்டல் பண்ணியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

என் முடியில் பென்சில் கனத்துக்கு ஒரு கொத்து, தலைத்தோலை ஒட்டி வெட்டினார்கள். வேர்ப்பக்கம் எது என்று தெரிய நூல் கட்டினார்கள். அடுத்தது சௌம்யா. அவள் திரும்பி நின்று முடியைத் தூக்கிக் காட்டினாள்.

“வேணுங்கறதை எடுத்துக்கோ சிஸ்டரே. எங்கிட்ட நெறய இருக்கு.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு எரிந்தது.

முடி வேறு ஊருக்குப் போனது. பதினோரு நாள் காத்திருந்தோம். அதற்குள் வீட்டுக்காரர் தனியாக யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

ரிப்போர்ட் வந்தது. என் முடியில் வேரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் பாதரசம். வேருக்கு வர வர அதிகம். அதற்கு அந்தப் பக்கம் சுத்தம். வீட்டுக்காரருக்கும் சௌம்யாவுக்கும் மீன் தின்கிறவர்களுக்கு இருக்கிற அளவுதான்.

“அஞ்சு மாசத்துக்கு முன்னாடி வீட்டிலே புதுசா என்ன வந்தது?” என்று கேட்டார் டாக்டரம்மா.

வீட்டுக்காரர் வெளியே வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“அவ வந்து ஆறு மாசம் ஆச்சுல்லா?”

நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“ஒரே பானைச் சோறு. எனக்கில்ல, அவளுக்கில்ல, உனக்கு மட்டும் இருக்கு. அப்படின்னா தனியா உனக்குத்தான் போட்டிருக்கு. தெனம் கஞ்சி யாரு கொண்டாரா?”

அவள் முடி சுத்தமாக இருந்ததே அவளுக்கு வினையாயிற்று. அவளிடமும் பாதரசம் இருந்திருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள்.

எனக்கு உண்மை தெரியும். ஐந்து மாதம் என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்கு ஃபேன்சி கடைதான் ஞாபகம் வந்தது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். அவரது வாயிலிருந்து அவளைக் குறை சொல்லி ஒரு வார்த்தை வந்தது அன்றுதான் முதல் தடவை. கேட்க நன்றாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். வீட்டுக்காரர் தூக்குச் சட்டியை வாங்கி, அவள் கண் முன்னாலேயே கஞ்சியைக் கை கழுவுகிற தொட்டியில் கொட்டினார்.

“ஏன் மாமா?”

“நாளைலேர்ந்து வரவேண்டாம்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அவர் கொல்லங்கோட்டுக்கு, அவள் அப்பாவுக்குப் போன் பண்ணினார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. இரண்டாம் நாள் கண்ணன் தனியாக வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மதினி, அவ போயிட்டா. ஒத்த வார்த்தை அழல. பெட்டியை எடுத்துட்டு பஸ் ஏறிட்டா. நீங்க ஒருதரம் சொல்லுங்க, அவ அப்படிப்பட்டவளா?”

“எனக்கு என்ன தெரியும்” என்றேன்.

இருபத்திரண்டு நாளில் நான் பேசியதிலேயே மோசமான பேச்சு அதுதான்.

ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிட்டேன். அவள் கஞ்சி இல்லை. பிரியா போனில், “சித்தி எப்ப வரும்?” என்று மட்டும் கேட்டாள். நான் எப்போது வருவேன் என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடி சிறுநீர் எடுத்தார்கள். பாதரசம் ஏறியிருந்தது.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இங்க வந்த பிறகும் ஏறுது. கஞ்சி நின்னு மூணு நாள்தான், முன்னாடி உள்ளே போனது இப்பவும் தெரியலாம். இது சும்மா விடற விஷயமில்லை. யாரோ கொடுக்கறாங்கன்னு உங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கத் தயாரா இருக்கார். நாளைக்குக் காலையிலே நான் போலீசுக்கு எழுதணும். அவங்க அந்தப் பெண்ணை விசாரிப்பாங்க. இப்படியே போனா உங்க சிறுநீரகம் நிக்காது. மெஷின்லே ரத்தம் சுத்தம் பண்ற நிலைமை வரும்.”

பொறாமைக்கு ஒரு அளவு உண்டு என்று அப்போது தெரிந்தது. அவள் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அவள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று நினைத்ததில்லை.

பையை எடுத்தேன். துவாலையைப் பிரித்தேன். டப்பாவை மேசையில் வைத்தேன்.

டாக்டரம்மா மூடியைத் திறந்து பார்த்தார். டப்பாவைத் திருப்பி எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்.

“இன்னிக்கும் பூசினீங்களா?”

“பூசினேன்.”

“யாருக்காக? இங்க எல்லாம் நோயாளிங்கதானே?”

துவாலையை மடித்துப் பையில் வைத்தேன்.

இந்த மாதிரி கிரீமில் நிறம் வெளுக்கப் பாதரசம் போடுகிறார்கள், தோல் வழியாகவே உள்ளே இறங்கும், வாயில் போக வேண்டியதில்லை என்றார். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். டப்பாவையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். அவர் கத்தவில்லை. வீட்டுக்குப் போய், சௌம்யா விட்டுப்போயிருந்த வெள்ளை டப்பாவை எடுத்து வந்தார். இவளும் இதைத்தானே பூசினாள் என்று காட்டத்தான். நர்ஸ் திறந்து மோந்தாள்.

“இது உருக்கு வெளிச்செண்ணெயல்லே! குட்டிகளெ தேச்சுக் குளிப்பிக்கிறது.”

தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுத்த எண்ணெய், குழந்தைகளுக்குத் தேய்ப்பது. அவள் அம்மா ஊரிலிருந்து கொடுத்துவிட்டது. காலி டப்பாவில் ஊற்றி வைத்திருந்தாள். அவள் நிறம் அவள் பிறந்த நிறம்.

வீட்டுக்காரர் டப்பாவை மூடிவிட்டு, “நான் அவங்கப்பன்கிட்ட என்னெல்லாம் சொன்னேன் தெரியுமா?” என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் கண்ணனின் போனிலிருந்து சௌம்யாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை.

“சரிக்கா. எங்கிட்ட சொன்னது போறாது. மாமா எங்கப்பாவைக் கூப்பிட்டு, உங்க பொண்ணு விஷம் வெச்சாள்னு சொன்னார். நீங்க எங்கப்பாகிட்ட சொல்லணும். நீங்களேயாக்கும் சொல்லணும்.”

“குடு.”

“அப்பாவுக்குக் காது மந்தம். உரக்கப் பேசணும்.”

பகல் பதினொரு மணி. வார்டில் எட்டுக் கட்டிலிலும் ஆள். கூட இருக்கிறவர்கள் வேறு. நான் வாழ்நாளில் உரக்கப் பேசினதில்லை.

“அப்பா, நான் முத்துலட்சுமி பேசுறேன்.”

“ஆரு?”

“கண்ணனோட மதினி! உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல!”

“பின்னே விஷம் எங்கேர்ந்து வந்தது?”

“நான் பூசினேன்! கிரீம்! நானே வாங்கிப் பூசினேன்!”

“எதுக்கு?”

வார்டில் பேச்சு நின்றுவிட்டது.

“வெளுக்க! சௌம்யா மாதிரி ஆகணும்னு! அவளைப் பழி சொன்னப்ப எனக்குத் தெரியும்! தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்!”

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. பிறகு அந்தப் பெரியவர், “உடம்பைப் பாத்துக்கோ” என்றார். “அவ வாறதும் வராததும் அவ இஷ்டம். நான் போகச் சொல்லமாட்டேன்.”

போனை வைத்தேன். யாரும் என்னைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். எதிர்க் கட்டில் அம்மாவின் மகள், காலேஜில் படிக்கிற பெண், சாப்பாட்டு நேரத்தில் என் கட்டிலருகே வந்து நின்றாள். தண்ணீர் ஊற்றுகிற மாதிரி குனிந்து, “சேச்சி, அந்த டப்பா எந்த நிறம்?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். “நர்ஸ்கிட்ட சொல்லு. இன்னிக்கே சொல்லு” என்றேன். கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை, நர்ஸ் வருகிற வரைக்கும்.

சௌம்யா மூன்றாம் நாள் வந்தாள். காலை வண்டியில் நின்றுகொண்டே வந்தாளாம். பக்கத்தில் ஸ்டூல் இருந்தும் உட்காரவில்லை. கஞ்சி கொண்டுவரவில்லை. ஆரஞ்சு கொண்டுவந்திருந்தாள், வெளியில் வாங்கியது, தோல் உரிக்காதது. யாரும் எதுவும் கலக்க முடியாத சாமான். நான் புரிந்துகொண்டேன்.

அத்தனை தூரம் வந்தும் முகம் வாடவில்லை. நான் கிரீமை நிறுத்தி நாலு நாள். என் முகம் திட்டுத் திட்டாகக் கறுக்கத் தொடங்கியிருந்தது.

“என்னக்கா அப்படிப் பாக்கறீங்க?”

“உன் மூஞ்சியத்தான். இப்பவும் பொறாமையாத்தான் இருக்கு.”

வாயிலிருந்து வந்துவிட்டது. வார்டுக்கே தெரிந்ததை அவளிடம் மறைத்து என்ன செய்ய.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“எனக்கும்தான்” என்றாள்.

“உனக்கு எங்கிட்ட என்னடி?”

“உங்களுக்கு ஒண்ணுன்னதும் மாமா ஓடினார், இவர் ஓடினார், நானும் ஓடினேன். நான் பெட்டியை எடுத்துண்டு எறங்கறச்சே ஒருத்தரும் பின்னாலே வரலே. பஸ் ஸ்டாப்பிலே அரை மணி நேரம் நின்னேன். இவர் ஆட்டோவை எடுத்துண்டு வருவார்னு நெனச்சாக்கும் நின்னேன்.”

காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டேன். அவள் உடனே உட்காரவில்லை. ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து முடித்த பிறகுதான் ஓரமாக உட்கார்ந்தாள்.